பைக் நம்பர் பிளேட்: எப்படிப் பூட்ட வேண்டும், எதில் கை வைக்கக் கூடாது

இலங்கை மலையகத்தில், எங்கள் பக்கத்து லயத்துத் (தோட்டத்து வரிசை வீடு) தம்பி ஒருவன் கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு பழைய பல்சர் வாங்கினான். வாங்கி மூன்றாம் நாளே பின் பிளேட்டைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு, டவுனில் ஸ்டிக்கர் கடையில் சின்னதாக ஒன்று அடித்து, சாய்ந்த எழுத்தில், கருப்புப் பின்னணியில், கொண்டு வந்து காட்டினான். "அண்ணே, 200க்கு 100 மில்லிமீட்டர், சட்டப்படிதான் இருக்கு, வீடியோ பார்த்துத்தான் செஞ்சேன்" என்றான். அவன் பார்த்தது தமிழ்நாட்டு வீடியோ.

நம் பக்கம் நிறையப் பேர் இந்தத் தவறைச் செய்கிறார்கள், அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவன் சொன்ன அளவு பொய்யில்லை, ஆனால் அது இந்தியாவின் மோட்டார் வாகன விதி. அங்கே இரண்டு சக்கர வண்டிக்கு 200க்கு 100 மில்லிமீட்டர் தகடு, பின்னால் எழுத்து 35 மில்லிமீட்டர் உயரம், இலக்கம் 40, முன்னால் இரண்டும் 30 என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு இருக்கிறது. தமிழில் தேடினால் முதலில் வந்து நிற்பதும் அதுதான். நம் நாட்டில் நீங்கள் ஸ்கேல் எடுத்து அளக்கவே தேவையில்லை. மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களம், அதாவது நாம் ஆர்எம்வி என்று சொல்கிற இடம், வண்டியைப் பதியும்போது தகட்டையும் தானே கொடுக்கிறது. முன்னுக்கு வெள்ளை, பின்னுக்கு மஞ்சள், இரண்டிலும் கருப்பு எழுத்து, கூடவே அரச இலச்சினையும் போலி பண்ணாமல் இருக்கப் போட்ட பாதுகாப்பு அடையாளமும். அளவு, எழுத்து, நிறம் எல்லாம் அதிலேயே முடிவாகிவிட்டது. கடையில் அதே அளவுக்கு, அதே எழுத்தில் அச்சு அசலாக அடித்தாலும் அது திணைக்களம் கொடுத்த தகடு ஆகாது. நமக்கு இருக்கிற வேலை மூன்றுதான்: நேராகப் பூட்டுவது, மறைக்காமல் வைப்பது, சுத்தமாக வைப்பது.

பூட்டுவதில்தான் அதிகப் பிழை நடக்கிறது, அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பின் பிளேட் அதற்கென்று பின் மட்கார்டில் கம்பெனி விட்ட இடத்தில் இருக்க வேண்டும். இப்போது பையன்கள் மட்கார்டையே கழற்றி எறிந்துவிட்டு பிளேட்டை சீட்டுக்கு அடியில் வானத்தைப் பார்த்த மாதிரி மடித்து வைக்கிறார்கள். பின்னால் வருகிறவனுக்கு ஒன்றும் தெரியாது, மழை நாளில் டயர் வாரி அடிக்கிற சேறு முழுக்க உங்கள் முதுகிலும் பிளேட்டிலும்தான். மட்கார்டைத் திரும்பப் போடுங்கள். கழற்றின மட்கார்ட் கையில் இல்லையென்றால் பழைய சாமான் கடையில் தேடினால் உங்கள் மாடலுக்குக் கிடைக்கும்.

அடுத்தது, தோட்ட ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு பிளேட் வெடிப்பது ஏன் என்று பாருங்கள். தகடு மெல்லிய அலுமினியம். போல்ட்டை நேராக அதில் இறுக்கினால், கல் ரோட்டில் குலுங்கிக் குலுங்கி ஓட்டையைச் சுற்றி முடி மாதிரி ஒரு கீறல் விழும், அது வளர்ந்து வளர்ந்து ஒரு நாள் ஓரம் பிய்ந்து தொங்கும், அப்புறம் எந்த வளைவில் விழுந்தது என்றே தெரியாது. அதனால் பிளேட்டுக்குப் பின்னால் அதே அளவுக்கு ஒரு தடித்த அலுமினியத் தகட்டை வெட்டி வையுங்கள், கராஜில் கேட்டால் மிச்சத் துண்டு கிடைக்கும். போல்ட்டுக்கு முன்னும் பின்னும் ரப்பர் வொஷர் போடுங்கள், பழைய டியூப்பை வட்டமாக வெட்டினாலே போதும். துருப்பிடிக்காத போல்ட்டும், உள்ளே நைலோன் இருக்கிற நட்டும் வாங்குங்கள், சும்மா நட் குலுக்கலில் கழன்று போகும். இறுக்கும்போது ரப்பர் கொஞ்சம் அமுங்கினால் சரி, பிதுங்கி வெளியே வரும்வரை இறுக்க வேண்டாம். புதிதாக ஓட்டை போடத்தான் வேண்டும் என்றால் எழுத்தும் இலக்கமும் இலச்சினையும் இல்லாத இடத்தில் போடுங்கள். 3 என்ற இலக்கத்தின் மேல் போல்ட் தலை உட்கார்ந்தால் தூரத்தில் அது 8 மாதிரித் தெரியும், அது நீங்கள் வேண்டுமென்று செய்ததா இல்லையா என்று பொலிஸுக்கு எப்படித் தெரியும்?

முன் பிளேட்டையும் விடாதீர்கள். ஹெட்லைட் அடியில் அசிங்கமாக இருக்கிறது என்று கழற்றி வீட்டில் வைத்திருப்பவர்கள் நிறைய. திணைக்களம் இரண்டு தகடு தந்தது இரண்டையும் பூட்டத்தான்.

பிளேட்டுக்கு மேல் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் கவர் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நுவரெலியா, நானுஓயா குளிரில் காலையில் அந்தக் கவருக்கு உள்ளே ஆவி பிடித்துக்கொள்ளும். வெயில் ஏறும்வரை நம்பர் வெள்ளை மூட்டமாகத்தான் இருக்கும். சில மாதத்தில் கவரே மஞ்சளாகிவிடும். கழற்றிவிடுங்கள். கருப்புக் கவர், ஸ்மோக் கவர் பற்றிப் பேசவே வேண்டாம்.

கழுவுவது லேசான வேலை, ஆனால் பெற்றோல், தின்னர் போட்டுத் தேய்க்காதீர்கள், மேலே ஒட்டியிருக்கிற ஒளி திருப்பும் படலம் செத்துவிடும், அப்புறம் இரவில் லைட் பட்டாலும் மின்னாது. ஈரத்துணியும் சோப்புத் தண்ணீரும் போதும். மே மாதத்திலிருந்து ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மழை பிடித்துவிட்டால் ஒரே நாளில் பிளேட் செம்மண்ணாகிவிடும், ஆகவே டவுன் ரோட்டுக்கு ஏறுவதற்கு முன் நிறுத்தி ஒரு துடைப்பு துடையுங்கள். அப்புறம் பின் பிளேட்டுக்கு மேலே இருக்கிற சின்ன பல்ப். அது போய் எத்தனை மாதம் ஆகியிருக்கும் என்று உங்களுக்கே தெரியாது, ஏனென்றால் ஓட்டுகிறவன் கண்ணில் அது படுவதில்லை. இன்றைக்கு இரவே இறங்கிப் பாருங்கள்.

மூட்டை கட்டுகிறவர்களும் கவனிக்க வேண்டும். லீக்ஸ் கட்டு, கரட் உரப்பை, காஸ் சிலிண்டர் எல்லாம் பின்னால் கட்டித்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை என்பது எனக்கும் தெரியும். பையின் வாயை மேலே இழுத்துக் கட்டுங்கள், பிளேட்டுக்கு மேல் தொங்க விடாதீர்கள்.

இவ்வளவு விடாப்பிடியாக ஏன் எழுதுகிறேன் என்றால் என் சித்திக்கு நடந்ததுதான் காரணம். மூன்று வருடத்துக்கு முன்னால், தலவாக்கலைப் பக்கம், பின்னேரம் தேயிலைக் கொழுந்தை நிறை போட்டுவிட்டு ரோட்டோரமாக நடந்து வந்தவரை பனிமூட்டத்தில் ஒரு பைக் அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. வலது கால் எலும்பு முறிந்தது. கூட வந்த இரண்டு பெண்களும் கடைக்காரர் ஒருவரும் வண்டியைப் பார்த்தார்கள். நிறம் சொன்னார்கள், ஓட்டியவனின் ஜேக்கட் சொன்னார்கள், நம்பர் மட்டும் யாராலும் சொல்ல முடியவில்லை, பிளேட் சீட்டுக்கு அடியில் மடிந்து இருந்ததாம். வைத்தியச் செலவுக்கு இன்சூரன்ஸ் கேட்கக் கூட எதிராளி என்று ஒருவன் வேண்டுமே. முறைப்பாட்டுத் துண்டு இன்னும் சித்தியின் பெட்டியில் இருக்கிறது.

நம் மலையில் பாதையில் நடப்பவர்களில் நிறையப் பேருக்கு ஆங்கில எழுத்து வாசிக்க வராது. ஆனால் இலக்கம் எல்லோருக்கும் தெரியும், கொழுந்து நிறையையும் செக்ரோலையும் (தோட்டத்து வேலைப் பதிவேடு) பார்த்துப் பழகிய கண்கள் அவை. அந்த நான்கு இலக்கமும் நேராக, பெரிதாக, வழக்கமான வடிவத்தில் இருந்தால் ஒரு பாட்டியால் கூட மனதில் வைத்துக்கொள்ள முடியும். சாய்ந்த எழுத்தும் கோணல் இலக்கமும் அடிக்கிறவர்கள் இதைத்தான் பறிக்கிறார்கள்.

சரி, பிடிபட்டால் என்ன ஆகும்? 2018 ஜூலையில் நடைமுறைக்கு வந்த தண்டப்பணப் பட்டியலில் அடையாளத் தகடு சம்பந்தமான குற்றத்துக்கு 1,000 ரூபாய். சாரதி அனுமதிப்பத்திரத்தை எடுத்துக்கொண்டு துண்டு தருவார்கள். 14 நாளுக்குள் கட்டிவிட்டால் அதோடு சரி, தவறினால் 28ஆம் நாள் வரை இரண்டு மடங்கு, அதற்கும் மேல் போனால் நீதிமன்றம்தான். இது தகட்டைச் சரியாகக் காட்டாததற்கு. வேறு வண்டியின் இலக்கத்தைப் போட்டு ஓடுவது, இலக்கத்தை மாற்றி அடிப்பது எல்லாம் துண்டோடு முடிகிற விஷயம் இல்லை, நேராக வழக்கு. 2025 ஜனவரியிலிருந்து வண்டிகளில் கூடுதலாகப் பூட்டிய சாமான்களைக் கழற்ற வைக்கும் சோதனை நாடு முழுக்க நடந்தது, அதற்குப் பிறகு கோணல் பிளேட் பொலிஸ் கண்ணிலிருந்து தப்புவது கஷ்டம்.

பழைய பைக் வாங்குகிறவர்கள் பிளேட்டை வண்டியின் பதிவுப் புக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அதோடு சேசிஸ் நம்பரையும் இஞ்சின் நம்பரையும் டோர்ச் அடித்து ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். ஓபன் பேப்பரில், அதாவது பெயர் மாற்றாமல், வாங்கி வருடக்கணக்காக அப்படியே ஓட்டுவது நம் பக்கம் வழக்கமாகிவிட்டது, அதை நிறுத்த வேண்டும். 2024 ஜனவரியில் கொழும்பில் கேமரா பார்த்து வழக்குப் போட ஆரம்பித்தார்கள், அதில் நம்பரை வைத்து முதலில் தேடிப் போவது பதிவில் இருக்கிற சொந்தக்காரனை. நீங்கள் விற்ற வண்டி என்றால் அது நீங்கள்தான்.

மாகாண எழுத்து பற்றியும் பலர் குழம்புகிறார்கள். முன்பு கொழும்புப் பக்கத்து டபிள்யூபீ (மேல் மாகாணம்) வண்டியை ஹட்டன்காரர் வாங்கினால் பெயர் மாற்றும்போது சீபீ (மத்திய மாகாணம்) போட்ட புதுத் தகடு எடுக்க வேண்டும், பதுளை என்றால் யூபீ (ஊவா மாகாணம்). 2023 ஜனவரியிலிருந்து புதிதாகக் கொடுக்கிற தகட்டில் மாகாண எழுத்து இல்லை, மாகாணம் மாறினால் தகடு மாற்றுகிற வேலையும் இல்லை. அதற்காக உங்கள் பழைய தகட்டில் இருக்கிற சீபீயைச் சுரண்டி எடுக்காதீர்கள், ஒருவர் அப்படிச் செய்து நான் பார்த்திருக்கிறேன். கொடுத்தது எப்படியோ அப்படியே இருக்க வேண்டும்.

நம்பர் பிளேட்டில் ஓர் எழுத்து என்ன செய்யும் என்று நம் பெரியவர்களுக்குத் தெரியும். வாகனத் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்ததை எதிர்த்து வடக்கில் தொடங்கிய தார் பூசும் போராட்டம் 1958இல் மலையகம் வரை வந்தது. 2000ஆம் ஆண்டில் வந்த இப்போதைய வரிசையில் அந்த எழுத்து இல்லை, வெறும் ஆங்கில எழுத்தும் இலக்கமும்தான்.

தகடு தொலைந்தால் அல்லது உடைந்தால் கடையில் ஒன்று அடித்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். அன்றைக்கே பக்கத்துப் பொலிஸில் முறைப்பாடு போடுங்கள், ஏனென்றால் உங்கள் தகட்டை எடுத்தவன் அதை எந்த வண்டியில் பூட்டி என்ன செய்வான் என்று சொல்ல முடியாது, உங்கள் பெயரைக் காப்பாற்றுவது அந்த முறைப்பாட்டின் தேதிதான். வாக்குமூலத்தைத் தமிழில் பதியச் சொல்லிக் கேளுங்கள், தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி, கேட்பதில் பயமோ வெட்கமோ வேண்டாம். சிங்களத்தில்தான் எழுதினார்கள் என்றால் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போய், தொலைந்த தேதியும் வண்டி இலக்கமும் சரியா என்று கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள். அந்த முறைப்பாட்டின் பிரதி, புக், அடையாள அட்டை, உடைந்த துண்டு இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஆர்எம்வி அலுவலகத்தில் மாற்றுத் தகட்டுக்கு விண்ணப்பியுங்கள். கொழும்புக்கு பஸ் ஏறுவதற்கு முன் 1919க்கு அழைத்து, எந்த அலுவலகம், என்ன பத்திரம், எவ்வளவு கட்டணம் என்று கேட்டுவிட்டால் ஒரு நாள் சம்பளம் மிச்சம்.

புது வண்டி எடுத்தவர்களுக்கு இன்னொரு சிக்கல். 2025இல் தகடு அச்சிடுவது தாமதமாகி, பதிந்த பல வண்டிகள் தகடு இல்லாமலே ரோட்டுக்கு வந்தன. அப்படிப்பட்டவர்கள் பதிவு இலக்கத்தை முன்னும் பின்னும் தெளிவான நேர் எழுத்தில் தற்காலிகமாகப் போட்டு, பதிவுப் பத்திரத்தின் பிரதியை மழையில் நனையாமல் பையில் வைத்துக்கொள்ளுங்கள். தற்காலிகம்தானே என்று அதில் அலங்காரம் பண்ண வேண்டாம்.

அந்தத் தம்பியின் பல்சருக்குப் போன ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் இரண்டு பேரும் பழைய தகட்டைத் திரும்பப் பூட்டினோம். ஒரு மணி நேர வேலை, சாமானுக்கு ஆன செலவு ஒரு சாப்பாட்டுக் காசு கூட இல்லை. பூட்டி முடித்து வண்டியை லயத்து முற்றத்தில் இருபது அடி தள்ளி நிறுத்தினான். சித்தி இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) காலை நீட்டி உட்கார்ந்திருந்தார், கண்ணாடி போடவில்லை. "என்னா நம்பரு சொல்லுங்க" என்று கேட்டான். நான்கு இலக்கத்தையும் ஒவ்வொன்றாகச் சொன்னார்.