கறுப்புத் திரையிலிருந்து ஃபார்முக்கு: ஃபாக்ஸ்ப்ரோ நிரலாளர்களைப் பழக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

டாஸ் ஃபாக்ஸ்ப்ரோ, கிளிப்பர் என்ற பழைய டேட்டாபேஸ் நிரல் மொழிகளில் வருடக்கணக்கில் எழுதிப் பழகியவர்களை ஃபார்ம், பட்டன், கிரிட் என்ற உலகத்துக்குக் கூட்டிவரும்போது, புதிய கட்டளைகளைச் சொல்லிக்கொடுத்தால் போதும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. கட்டளைகளைச் சீக்கிரம் பிடித்துவிடுவார்கள். தடுமாறுவது வேறு இடத்தில். பழைய நிரலில் அடுத்து என்ன நடக்கவேண்டும் என்று நிரல்தான் முடிவு செய்தது. ஃபார்மில் அதை முடிவு செய்பவர், மவுஸைக் கையில் வைத்திருப்பவர்.

ஃபாக்ஸ்ப்ரோவின் விண்டோஸ் வடிவமான விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோவில் இது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். ஃபார்மைத் திறக்கும் கட்டளையை எழுதி, ஓட்டிப் பார்ப்பார்கள், நன்றாக ஓடும். தனியாக ஓடும் இஎக்ஸ்இ கோப்பாக ஆக்கியதும் திரை ஒரு கணம் மின்னிவிட்டு மறைந்துவிடும். பயனர் செய்வதற்காகக் காத்திரு என்று சொல்லும் 'ரீட் ஈவன்ட்ஸ்' என்ற வரி இல்லாததுதான் காரணம். பழைய 'ரீட்' கட்டளை அந்த இடத்திலேயே நின்று, எல்லாக் கட்டங்களும் நிரம்பும்வரை காத்திருந்தது. ஃபார்மைத் திறக்கும் கட்டளை அப்படி நிற்காது, திறந்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். உருவாக்கும் சூழலில் ஓடியதற்குக் காரணம், அங்கே காத்திருக்கும் வேலையை ஃபாக்ஸ்ப்ரோவே செய்துகொண்டிருந்தது. அந்த வரியைச் சேர் என்று மட்டும் சொல்லி விடாதீர்கள். ஏன் என்று அரைமணி நேரம் உட்கார்ந்து பேசினால், பின்னால் வரும் பாதிக் குழப்பம் வராது.

அடுத்தது, சரிபார்க்கும் வரிகளை அப்படியே ஃபார்முக்குக் கொண்டுபோவது. நான் அதிகம் பார்த்த தவறு இதுதான். பழைய திரையில் பில் எண் காலியாக இருந்தால், கட்டத்தைச் சரிபார்க்கும் 'வேலிட்' பகுதி பொய் என்று திருப்பும், கர்சர் அங்கேயே நிற்கும். வேண்டாம் என்றால் எஸ்கேப் தட்டி வெளியே வந்துவிடலாம். அதே வரியை ஃபார்மில் பில் எண் கட்டத்தின் வேலிட் நிகழ்வில் வைத்துப் பாருங்கள். பயனர் தெரியாமல் திறந்துவிட்டார், 'ரத்து' பட்டனை அழுத்தப் போகிறார். கட்டத்தை விட்டுக் கர்சர் நகரும் முன்பே வேலிட் ஓடி, "பில் எண் காலியாக இருக்கக்கூடாது" என்கிறது. சரி என்று அழுத்திவிட்டு மறுபடி ரத்து, மறுபடி அதே செய்தி. வெளியே வர வழியே இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் மறிக்காமல், சேமிக்கும் பட்டனை அழுத்தும்போது எல்லாவற்றையும் ஒருசேரச் சரிபார்ப்பதுதான் ஃபார்முக்கு ஏற்றது.

ஆனால் அந்தப் பழைய வரிகளைத் தூக்கி எறிந்துவிடக்கூடாது. அந்த வியாபாரத்தின் விதிகள் பெரும்பாலும் வேறெங்கும் எழுதப்பட்டிருக்காது, அங்கேதான் இருக்கும். திரையைத் தொடும் முன், பழைய நிரலாளரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு வேலிட்டும் எதற்காக வந்தது என்று கேட்டு எழுதுங்கள். புது ஆட்களிடம் வேலையை ஒப்படைத்துவிட்டு அவரை ஓரம் கட்டுவது பெரிய இழப்பு. டேபிளில் எந்தக் கட்டம் எந்த வருடம், எதற்காகச் சேர்ந்தது என்று அவருக்குத்தான் தெரியும்.

'செட்' கட்டளைகளும் ஏமாற்றும். முன்பு நிரலின் தொடக்கத்தில், அழித்ததாகக் குறித்த ரெக்கார்டுகளைக் காட்டாதே என்று சொல்லும் 'செட் டெலிட்டட் ஆன்' போட்டால் முடிந்தது. விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோவில் ஒரு ஃபார்முக்குத் தனி டேட்டா செஷன் (அந்த ஃபார்முக்கு மட்டுமான டேட்டா சூழல்) கொடுத்தால், இந்த அமைப்பு அந்த செஷனுக்குள் மறுபடி 'ஆஃப்' ஆகத்தான் தொடங்கும். போன மாதம் அழித்த ரெக்கார்டுகள் கிரிட்டில் வந்து நிற்கும். டேட்டா கெட்டுப்போச்சு என்று எல்லோரும் பதறுவார்கள். தேவையான செட் வரிகளை அடிப்படை ஃபார்ம் கிளாஸில் (மற்ற ஃபார்ம்களுக்கு அச்சாக இருக்கும் ஃபார்மில்) ஒருமுறை எழுதிவிட்டு, மற்ற ஃபார்ம்களை அதிலிருந்து உருவாக்குங்கள்.

தட்டச்சு செய்பவர்களை மறப்பதும் நடக்கிறது. திரையைப் பார்க்காமலே என்டர் என்டர் என்று போகும் கை அவர்களுடையது. பல விண்டோஸ் கருவிகளில் என்டர் அடுத்த கட்டத்துக்குப் போகாது, ஃபார்மின் இயல்புப் பட்டனை, பெரும்பாலும் சேமிக்கும் பட்டனை, அழுத்திவிடும். பாதி நிரப்பிய பில் சேமிப்பாகிவிடும். என்டர், எஃப் விசைகள் எப்படி வேலை செய்யவேண்டும் என்பதை முதல் ஃபார்மிலேயே முடிவு செய்துவிட வேண்டும். வரிக்கு 80 எழுத்து, 25 வரி கொண்ட பழைய திரையை அப்படியே ஃபார்மில் வரைவதும் வேண்டாம், ஒரே ஃபார்மில் பத்து டேப்களை (தாவல் பக்கங்களை) அடுக்குவதும் வேண்டாம்.

பழையதும் புதியதும் ஒரே டேபிள்களில் சேர்ந்து ஓடும் மாதங்களில் ஒரு விஷயத்தில் மிகவும் கவனம் வேண்டும். யாராவது ஒரு டேபிளை விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோவின் டேட்டாபேஸ் கன்டெய்னரில் (பல டேபிள்களை ஒன்றாகச் சேர்த்துவைக்கும் கோப்பில்) சேர்த்துவிட்டால் அதன் கோப்பு வடிவமே மாறிவிடும். டாஸ் ஃபாக்ஸ்ப்ரோ அதைத் திறக்காது. காலையில் பழைய நிரலில் வேலை செய்பவர்கள் அத்தனை பேரும் நின்றுபோவார்கள். கடைசிப் பழைய திரை நிறுத்தப்படும்வரை டேபிள்களைத் தனி டேபிளாகவே வைத்திருங்கள், அமைப்பையும் மாற்றாதீர்கள். தவறி மாறிவிட்டால், 'காப்பி டு' கட்டளையில் 'டைப் ஃபாக்ஸ்2எக்ஸ்' என்று போட்டுப் பழைய வடிவத்தில் ஒரு பிரதி எடுத்துவிடலாம். அந்த ஒரு வரியைக் குழுவில் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.