சீர்திருத்தத் துறவிகளும் தப்பறை வேட்டையும்: எங்கிருந்து படிப்பது?

கத்தோலிக்கத் துறவிகள் தங்கள் சபைகளைச் சீர்திருத்திக்கொண்டே தப்பறையை, அதாவது திருச்சபை ஏற்காத போதனையை, வேட்டையாடிய வரலாற்றைப் படிக்க உட்காருபவர்கள் பெரும்பாலும் செக் சீர்திருத்தப் பிரசங்கி யான் ஹுஸ் எரிக்கப்பட்டதிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். வேண்டாம். நூறு வருடம் பின்னால் போங்கள், இல்லாவிட்டால் துறவிகள் எல்லாரும் ஒரே அச்சு வில்லன்களாகத்தான் தெரிவார்கள்.

முதலில், அசிசி பிரான்சிஸ் தொடங்கிய பிரான்சிஸ்கன் துறவற சபைக்குள், துறவிகள் எவ்வளவு ஏழ்மையாக வாழ வேண்டும் என்று நடந்த வறுமைச் சண்டை. வறுமை விஷயத்தில் போப்புக்கு அடங்க மறுத்த நான்கு துறவிகளை 1318-ல் மார்சேயில் எரித்தார்கள். கிறிஸ்துவும் சீடர்களும் எதையும் உடைமையாக வைத்திருக்கவில்லை என்று பிடிவாதமாகச் சொல்வதே தப்பறை என்று 1323-ல் போப் இருபத்திரண்டாம் யோவான் அறிவித்தார். அதற்கும் பணியாதவர்களைத்தான் பிராத்திசெல்லி என்றார்கள்.

அப்புறம் 1368-க்கு வாருங்கள். பவோலுச்சோ திரிஞ்சி என்ற பிரான்சிஸ்கன் புரோலியானோ என்ற ஒதுக்குப்புறத்தில் பழைய கண்டிப்போடு வாழ ஆரம்பிக்கிறார், ஆனால் மேலிடத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு. ஒப்சர்வன்ட் இயக்கம், அதாவது சபை விதியைக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பவர்களின் இயக்கம், இத்தாலியில் இங்கிருந்துதான் வளர்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் பிராத்திசெல்லி, ஒப்சர்வன்ட் இரு தரப்புக்கும் அதே ஏழ்மை, அதே கிழிந்த அங்கி. கீழ்ப்படிந்தவர் சீர்திருத்தவாதி, படியாதவர் தப்பறைக்காரர். என்னைக் கேட்டால் முழுக் கதைக்கும் சாவி இதுதான். கான்ஸ்டன்ஸ் நகரில் கூடிய திருச்சபைச் சங்கம் 1415 ஜூலையில் ஹுஸை எரித்துவிட்டு, அதே வருடமே பிரெஞ்சு ஒப்சர்வன்ட்களுக்குத் தனித் தலைவர்களை வைத்துக்கொள்ள அனுமதியும் தந்தது.

அடுத்து ஒரே ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னாலேயே போங்கள். ஒப்சர்வன்ட் துறவி கப்பிஸ்த்ரானோ யோவான் தோதானவர்: சட்டம் படித்தவர், இத்தாலியில் பிராத்திசெல்லிகளைத் துரத்தியவர், இயேசுவின் பெயர் பொறித்த பலகையை வணங்க வைக்கிறார் என்று சக ஒப்சர்வன்ட் பிரசங்கி சியன்னா பெர்னர்தீன் மீதே தப்பறைக் குற்றச்சாட்டு வந்தபோது அவருக்காக ரோமில் வாதாடியவர். 1451-ல் ஆல்ப்ஸ் தாண்டி வியன்னா, பிர்னோ, ஒலோமொவ்ட்ஸ் என்று ஹுஸ்காரர்களுக்கு (ஹுஸைப் பின்பற்றிய செக்குகளுக்கு) எதிராகப் பிரசங்கித்துக்கொண்டே போனார், லத்தீனில், பக்கத்தில் மொழிபெயர்ப்பாளரோடு. செக் தலைநகர் பிராகாவுக்குள் மட்டும் நுழையவே முடியவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனித்துப் படியுங்கள். நற்கருணை வழிபாட்டில் குருக்களுக்கு மட்டுமல்ல, பொதுமக்களுக்கும் கிண்ணத்தில் திராட்சை ரசம் தரலாம் என்று பாசெலில் கூடிய திருச்சபைச் சங்கத்தோடு செய்த ஒப்பந்தம் 1436-லிருந்தே செக் தரப்பின் கையில் இருந்தது. கப்பிஸ்த்ரானோ அதை மதிக்கவில்லை. அதனால் அவர் எழுத்தில் 'தப்பறைக்காரர்' என்று வரும் இடத்திலெல்லாம், எதிர்த்தரப்பு எந்தப் பத்திரத்தைக் காட்டியிருக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

1453-ல் விரோத்ஸ்வாஃப் நகரில் (இன்றைய போலந்து) நடந்ததைத் தாண்டிப் போய்விடாதீர்கள். நற்கருணை அப்பத்தை அவமதித்தார்கள் என்று சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்கி 41 யூதர்களை எரித்தார்கள், அந்த விசாரணையில் இவர் கை இருந்தது. பக்திப் புத்தகங்கள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிட்டு 1456-ல் ஒட்டோமான் படை பெல்கிரேடை முற்றுகையிட்டபோது அவர் செய்ததற்கு ஓடிவிடும், 1690-ல் அவருக்குப் புனிதர் பட்டம் என்று முடித்துக்கொள்ளும்.

பிரான்சிஸ்கன் பக்கம் பிடிபட்டதும் இன்னொரு துறவற சபையான டொமினிக்கன்களிடம் போங்கள். அங்கே சவோனரோலாவை எடுங்கள்; ஃபிளாரன்சில் சீர்திருத்த மடத்தின் தலைவராக இருந்தவரையே 1498-ல் தப்பறைக்காரர் என்று தூக்கிலிட்டு எரித்தார்கள், திருச்சபையிலிருந்தே விலக்கி போப் ஆணையிட்ட பிறகும் அவர் மறுபடி பிரசங்கிக்க ஏறினார்.