பெயரை மறைத்தாலும் நீங்கள் தெரிய வேண்டும்: எம்.பி.ஏ. விண்ணப்பத்தில் தனி அடையாளத்தை அமைக்கும் முறை

அமெரிக்கக் கல்லூரிகளுக்கான எம்.பி.ஏ. விண்ணப்பக் கட்டுரைகளைப் படித்துப் பார்த்துச் சொல்லும்படி நண்பர்களும் அவர்களுடைய நண்பர்களும் எனக்கு அனுப்புவதுண்டு. அவற்றில் பலவற்றைப் பெயரை மட்டும் மறைத்துவிட்டு அடுக்கி வைத்தால், எது தன்னுடையது என்று எழுதியவரே தடுமாறிப்போவார். பொறியியல் பட்டம், ஐ.டி. நிறுவனத்தில் நாலைந்து ஆண்டு வேலை, ஆறு பேர் கொண்ட குழுவின் பொறுப்பு, வெளிநாட்டு கிளையன்ட் அனுப்பிய பாராட்டு மின்னஞ்சல், வார இறுதியில் கொஞ்சம் தொண்டு என்று எல்லாம் ஒரே வரிசையில் வந்து நிற்கும். எம்.பி.ஏ. சேர்க்கைக்கான, 205 முதல் 805 வரை மதிப்பெண் தரும் இன்றைய ஜிமேட் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்திருப்பது உங்களைப் போட்டிக்குள் கொண்டுவரும். ஆனால், அதே மதிப்பெண்ணும் அதே பின்னணியும் கொண்ட மற்றவர்களிடமிருந்து அது உங்களைப் பிரித்துக் காட்டாது.

‘பர்சனல் பிராண்ட்’ என்றதும் பலருக்கு லிங்க்ட்இன் பதிவுகளும் கோட் அணிந்து எடுத்த படமும்தான் நினைவுக்கு வருகின்றன. சேர்க்கைக் குழுவைப் பொறுத்தவரை விஷயம் வேறு. உங்கள் கோப்பைப் படித்தவர், உங்களை நேரில் பார்த்திராத இன்னொருவரிடம் உங்களைப் பற்றிச் சொல்லக்கூடிய ஒற்றை வாக்கியம்தான் அங்கே உங்கள் முத்திரை. அந்த வாக்கியத்துக்கான பொருளை நீங்கள் தரவில்லையென்றால், ‘இன்னுமொரு இந்திய ஐ.டி. பொறியாளர்’ என்று அவர் தாமாகவே முடிவுசெய்துகொள்வார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

அந்த வாக்கியத்தைத் தேடத் தொடங்கும்போது பெரும்பாலோர் பண்புச் சொற்களைத்தான் முதலில் எழுதுகிறார்கள். விடாமுயற்சி, தலைமைப் பண்பு, சமூக அக்கறை ஆகிய சொற்களுக்கு யார் வேண்டுமானாலும் சொந்தம் கொண்டாடலாம் என்பதால் அவை உங்களைப் பற்றி எதையும் சொல்வதில்லை. அவற்றுக்குப் பதிலாக, கடந்த பத்து ஆண்டுகளில் நீங்களாக எடுத்த முடிவுகளைப் பதினைந்து இருபது வரிகளில் எழுதுங்கள். எந்த வாய்ப்பை ஏற்றீர்கள், எதை வேண்டாம் என்றீர்கள், யாரும் கேட்காமலே எந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தீர்கள், அதற்காக எதை இழந்தீர்கள் என்பவையே அந்த வரிகளில் இருக்க வேண்டும். விருதுகளுக்கும் பதவி உயர்வுகளுக்கும் இந்தத் தாளில் இடமில்லை. அவை பிறர் உங்களைப் பற்றி எடுத்த முடிவுகள். எழுதி முடித்த பிறகு இரண்டு நாள் கழித்துப் படித்தால், ஒரே கவலையோ ஒரே கேள்வியோ வெவ்வேறு வேடத்தில் மூன்று நான்கு வரிகளில் திரும்பத் திரும்ப வருவது தெரியும்.

கற்பனையாக ஒருவரை எடுத்துக்கொள்வோம். திருப்பூரில் அவருடைய தந்தை சிறிய தையல் யூனிட் ஒன்றை வைத்து ஜாப் ஒர்க், அதாவது பிறர் தரும் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் வேலை, செய்துவந்தார். நொய்யல் ஆற்றில் கலந்த சாயக்கழிவின் காரணமாகச் சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது இவர் பள்ளி மாணவர். சாயமேற்றிய துணி வருவது நின்றதோடு, ஏற்கெனவே தைத்துக் கொடுத்ததற்கு வரவேண்டிய பணமும் மாதக்கணக்கில் இழுத்தடித்ததை வீட்டிலிருந்தே பார்த்தவர். கல்லூரி விடுமுறைகளில் தந்தையின் நிலுவைக் கணக்கை எழுதினார். வேலைக்குச் சேர்ந்த பின், ஆன்சைட் வாய்ப்புள்ள புராஜெக்ட்டை விட்டுவிட்டு ஒரு வங்கியின் பணப்பரிமாற்றப் பிரிவுக்குப் போனார். அக்கம்பக்கத்து யூனிட்காரர்கள் சிலருக்கு, எந்த பில் எத்தனை நாளாக நிற்கிறது என்று காட்டும் எளிய எக்செல் கோப்பு ஒன்றைத் தயாரித்துக் கொடுத்தார். இத்தனையும் செய்தவர் முதல் வரைவில் தம்மை ‘நிதித் தொழில்நுட்பத்தில் ஆர்வமுள்ள பொறியாளர்’ என்றே எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘சிறு தொழில்களுக்கு வரவேண்டிய பணம் ஏன் தாமதமாகிறது என்ற கேள்வியை விடாமல் பின்தொடர்பவர்’ என்பதல்லவா அவருடைய வாக்கியம்? 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்கக் கூடாது. அப்படியிருந்தும் அது ஏன் நடக்கிறது என்பதிலிருந்து அவருடைய எதிர்கால இலக்கும், எம்.பி.ஏ. எதற்கு என்ற கேள்விக்கான பதிலும் இயல்பாகவே பிறக்கின்றன. இந்தக் கதையைக் கண்ணீர்க் கதையாக எழுதிவிடும் ஆபத்தும் உண்டு. சாயப்பட்டறைகள் மூடப்பட்டதற்கு ஒரு வரி போதும். அதன் பிறகு அவர் என்ன செய்தார் என்பதற்கே மீதி இடம் முழுவதும் போக வேண்டும்.

வாக்கியம் கிடைத்ததும் அதை எல்லாக் கட்டுரைகளிலும் அப்படியே ஒட்டிவிடத் தோன்றும். அது தவறு, ஏனென்றால் ஒவ்வொரு கல்லூரியும் வெவ்வேறு ஜன்னல் வழியாக உங்களைப் பார்க்கிறது. ஸ்டான்ஃபோர்ட் பல ஆண்டுகளாக, உங்களுக்கு மிக முக்கியமானது எது, ஏன் என்று கேட்டுவருகிறது. அங்கே தந்தையின் கணக்குப் புத்தகத்துக்கு இடமுண்டு. ஹார்வர்ட் 2024இல் ஒற்றைத் திறந்த கட்டுரையைக் கைவிட்டு, வணிகம், தலைமை, வளர்ச்சி ஆகியவை பற்றிய மூன்று குறுங்கட்டுரைகளுக்கு மாறியது. ஒரே நிகழ்ச்சியை மூன்றிலும் நீட்டினால் உங்களிடம் வேறு சரக்கில்லை என்று ஆகிவிடும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஸ்லோன் கல்லூரி, வேலைக்கு விண்ணப்பிப்பதைப் போன்ற கடிதத்தையும் ஒரு நிமிடக் காணொளியையும் கேட்கிறது. டியூக் பல்கலைக்கழகத்தின் ஃபுக்வா கல்லூரி உங்களைப் பற்றிய 25 தகவல்களைக் கேட்டுப் பெயர் பெற்றது. அதில் நிலுவைப் பணம் ஓரிரு இடத்தில் தலைகாட்டினால் போதும், மற்றவற்றில் உங்களுக்குப் பிடித்த பழைய பேருந்து வழித்தடமும் அரைகுறையாகக் கற்ற மிருதங்கமும் வரட்டும். கேள்விகள் ஆண்டுதோறும் மாறக்கூடியவை என்பதால் அந்தந்த ஆண்டுக்கான வாசகத்தைக் கல்லூரியின் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

பரிந்துரைக் கடிதத்தில்தான் நம் ஊர் விண்ணப்பதாரர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். “நீயே எழுதிக் கொண்டு வாப்பா, நான் போட்டுடறேன்” என்று மேலாளர் அன்போடுதான் சொல்வார்; அந்த அன்பை ஏற்காதீர்கள். அது விதிமீறல் என்பது ஒருபுறமிருக்க, கட்டுரையிலும் கடிதத்திலும் ஒரே நடை இருப்பதைப் படிப்பவர் எளிதில் கண்டுகொள்வார். பல கல்லூரிகள் ஏற்கும் பொதுப் பரிந்துரைப் படிவம் முக்கியமாக இரண்டைக் கேட்கிறது: இதே நிலையில் உள்ள தகுதியான மற்றவர்களோடு ஒப்பிட்டால் இவர் எப்படி என்பது ஒன்று, இவருக்கு நீங்கள் சொன்ன முக்கியமான விமர்சனம் எது, அதை இவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்பது மற்றொன்று. ஆகவே, மேலாளரோடு அரை மணி நேரம் உட்கார்ந்து, நீங்கள் சேர்ந்து செய்த வேலைகளையும், அவர் உங்களைக் கண்டித்த சந்தர்ப்பத்தையும்கூட நினைவூட்டுங்கள். எழுதுவது அவர் பாடு. பதவியில் பெரியவரைவிட உங்கள் வேலையை நேரில் பார்த்தவரே மேல்.

ரெசியூமேயை ஒரே பக்கத்தில் முடியுங்கள். லிங்க்ட்இன் பக்கத்தில் தேதிகளும் பதவிப் பெயர்களும் ரெசியூமேயோடு ஒத்துப்போகட்டும். இடம் கிடைத்த பின் பல கல்லூரிகள் இவற்றைச் சரிபார்க்கின்றன. விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்னால் தினம் ஒரு பதிவு போடத் தொடங்குவதும், அவசரமாகத் தொண்டு அமைப்பு ஒன்றைத் தொடங்குவதும் தேதியாலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

அமெரிக்கக் கல்லூரிகளில் விண்ணப்பங்களுக்கான முதல் சுற்று பெரும்பாலும் செப்டம்பரிலும், இரண்டாம் சுற்று ஜனவரியிலும் முடிகிறது. செப்டம்பருக்குக் குறிவைப்பவர் பிப்ரவரியிலேயே தாம் எடுத்த முடிவுகளின் பட்டியலை எழுதிவிட்டால், வாக்கியத்துக்குச் சான்று குறைவாக இருப்பது தெரியவரும்போது உண்மையான வேலை ஒன்றைச் செய்ய ஆறு மாதம் கையில் இருக்கும்.

அனுப்புவதற்கு ஒரு வாரம் முன்பு, கட்டுரைகளையும் ரெசியூமேயையும் அச்செடுத்து, உங்கள் துறையைச் சேராத ஒருவரிடம் பெயரை மறைத்துக் கொடுங்கள். மூன்று நாள் கழித்து, தாளைப் பார்க்காமல், எழுதியவர் எப்படிப்பட்டவர் என்று ஒரு வாக்கியத்தில் சொல்லச் சொல்லுங்கள். “ஐ.டி.யில இருக்கார், நல்லா உழைப்பார் போல” என்று பதில் வந்தால், பட்டியலை மறுபடியும் எடுத்து உட்காருங்கள்.