கோழிக்குச் சீக்கு வந்ததும் செய்யக் கூடாதவை

கொல்லையில் பத்துப் பதினைந்து நாட்டுக்கோழி மேய விடுகிற வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு கோழி இறக்கையைத் தொங்கப் போட்டு மூலையில் தூங்கி விழ ஆரம்பித்தால், கால்நடை மருத்துவர் ஞாபகம் வருவதற்கு முன்னால் வியாபாரி ஞாபகம் வந்துவிடும். "மத்ததும் சாயறதுக்குள்ள தள்ளி விட்டுடு" என்று பக்கத்து வீட்டு அக்காவும் சொல்வார். இரண்டு கோழி செவ்வாய்க்கிழமை வேலூர் பக்கத்துப் பொய்கைச் சந்தைக்குப் போகும். இரண்டு கே.வி.குப்பத்துச் சம்பந்தி வீட்டுக்குப் போகும். மிச்சமிருக்கும் சேவலைக் கோயிலில் விட்டுவிடுவார்கள். பத்து நாள் கழித்து அந்த மூன்று இடத்திலும் கோழி சாகும்.

இதுதான் முதல் தவறு, எல்லாவற்றிலும் பெரிய தவறும் இதுவே. வெள்ளைக்கழிச்சல் என்று நாம் சொல்லும் ராணிக்கெட் நோயில், கிருமி உடம்புக்குள் போனதிலிருந்து அறிகுறி தெரிய ஐந்தாறு நாள் ஆகும், சில கோழிக்கு இரண்டு வாரம்கூட ஆகலாம். வெளியே ஒன்றும் தெரியாத அந்த இடைவெளியின் கடைசி நாட்களில் கோழி நன்றாக மேய்ந்துகொண்டே எச்சத்திலும் மூச்சிலும் கிருமியை வெளியேற்ற ஆரம்பித்துவிடும். நீங்கள் 'நல்ல கோழி' என்று நினைத்து விற்பது பெரும்பாலும் நாளைக்குச் சாயப் போகிற கோழி. ஆகவே ஒன்று சாய்ந்தாலும் அன்றிலிருந்து எந்தக் கோழியும் வெளியே போகக் கூடாது, புதிதாக எதுவும் உள்ளே வரக் கூடாது. பைக்கில் கூடை கட்டிக்கொண்டு வீடு வீடாக வாங்க வருகிறவரையும் வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்புங்கள். அவர் கூடையில் எத்தனை ஊர் எச்சம் ஒட்டியிருக்கிறதோ! முட்டை அட்டை, தீவனச் சாக்கு, கூண்டுக்குள் போட்டுப் போகும் செருப்பு இவற்றுக்கும் இதே கட்டுப்பாடுதான்.

"சாகறதுக்குள்ள அறுத்துடு" என்பதும் கிட்டத்தட்ட அதே ரகம். குழம்பு கொதிக்கும்போது கிருமி செத்துவிடும், சரி. ஆனால் அறுக்கிற இடத்தில் சிந்தும் ரத்தமும், குப்பையில் வீசும் இறகும் குடலும் தெரு முழுக்கப் போகும். மிச்சத்தை நாயும் காகமும் பார்த்துக்கொள்ளும். பறவைக் காய்ச்சலாக இருந்தால் அறுக்கிறவர் உயிருக்கே ஆபத்து.

எல்லாத் தூக்கமும் சீக்கு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வேலூர் மே மாத மதியத்தில் எந்தக் கோழியும் வாயைத் திறந்து மூச்சு வாங்கும், இறக்கையை உடம்பிலிருந்து விரித்து வைத்துக்கொள்ளும். நிழலும் குளிர்ந்த தண்ணீரும் கிடைத்து, வெயில் தாழ்ந்ததும் மேய ஆரம்பித்தால் அது வெறும் வெப்பம். விடியற்காலையிலேயே ஒடுங்கி உட்கார்ந்து, எச்சம் பச்சையும் வெள்ளையுமாகப் போனால் கழிச்சலைச் சந்தேகப்படுங்கள். கழுத்து திருகிக்கொண்டால் சந்தேகம் இன்னும் வலுக்கும். குஞ்சுகளில் ரத்தம் கலந்த கழிச்சல் வேறு நோய், ஈரத் தரையால் வருவது. அதற்கு மருந்து உண்டு, சீக்கிரம் கேட்டு வாங்கினால் பிழைக்கும்.

அடுத்தது மருந்துக் கடை. மனிதர்களுக்கு வாங்கிய மாத்திரையை நுணுக்கிக் கொடுப்பது, போன வருஷம் யாரோ சொன்ன ஆன்டிபயாடிக் பவுடரைத் தண்ணீரில் கலப்பது. வெள்ளைக்கழிச்சலும் அம்மையும் வைரஸ் நோய்கள், ஆன்டிபயாடிக் அந்த வைரஸை ஒன்றும் செய்யாது. கூடவே வரும் பாக்டீரியா தொற்றுக்கு மருத்துவர் சில சமயம் எழுதிக் கொடுப்பார், அது வேறு விஷயம். மருந்து கொடுத்தால் முட்டையையும் கறியையும் எத்தனை நாள் தொடக் கூடாது என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, முட்டையைக் குழந்தைக்கு அவித்துக் கொடுத்துவிடுகிறோம்.

தடுப்பூசி விஷயத்தில் பழைய வடாற்காடு மாவட்டத்துக்காரர்கள் அலட்சியமாக இருப்பதை என்னால் ஒத்துக்கொள்ளவே முடியவில்லை. கோழிக் கழிச்சலுக்கான தடுப்பு மருந்து தயாரிக்கும் அரசு நிலையம் ராணிப்பேட்டையில் 1932 முதல் இருக்கிறது. மருந்து நம் ஊரில் தயாராகிறது, கோழியும் நம் ஊரில்தான் சாகிறது. முதல் வாரக் குஞ்சுக்குக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நாலு வாரத்துக்குள் இன்னொரு முறை, எட்டு வாரத்துக்கு மேல் இறக்கைக்கு அடியில் ஊசி. கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரி வாக்கில் இரண்டு வாரம் இலவச முகாமும் நடத்துகிறது. சீக்கு வந்த பிறகு ஓடிப்போய் ஊசி கேட்பது பலன் தராது. எதிர்ப்புச் சக்தி வர ஒன்றிரண்டு வாரம் ஆகும், ஏற்கெனவே சாய்ந்த கோழிக்கு ஊசி உதவாது. மிச்சக் கோழிகளுக்குப் போடலாமா என்பதை மருத்துவர் பார்த்து முடிவு செய்யட்டும். மருந்தை வாங்கினால் ஐஸில் வைத்துத்தான் கொண்டு வர வேண்டும். சட்டைப் பையில் போட்டு வெயிலில் வண்டி ஓட்டினால் வீடு வந்து சேர்வது வெறும் தண்ணீர்.

செத்த கோழியைப் பாலாற்று மணலில் வீசுவதும் ஏரிக்கரையில் எறிவதும் வேண்டாம். மூன்று அடிக்குக் குறையாமல் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். அதற்கு முன்னால் ஒன்றை மட்டும் இரட்டைப் பையில் கட்டி, ஐஸோடு கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப் போனால் அறுத்துப் பார்த்து என்ன நோய் என்று சொல்ல வாய்ப்பு உண்டு. ஒரே நாளில் பல கோழி திடீரென்று செத்தாலோ, கூடவே காகங்களும் விழுந்தாலோ எதையும் தொடாமல் கால்நடை உதவி எண்ணான 1962க்கு போன் செய்யுங்கள். அப்புறம், காலியான கூண்டில் அடுத்த வாரமே புதுக் குஞ்சு விடாதீர்கள். பழைய குப்பையைச் சுரண்டி அள்ளி, கழுவி, சுண்ணாம்பு அடித்து ஒரு மாதமாவது வெயிலில் காய விடுங்கள். வெயிலுக்கு இங்கே குறைச்சல் இல்லை.

வீடு மாறுகிறோம், பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள், சேவல் கூவினால் மாடி வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார் என்று கோழியைக் கை மாற்ற வேண்டிய நிலை வரத்தான் செய்யும். அங்கே நடக்கும் தவறு வேறு வகை. 'பிழைத்துவிட்டது, இனி பயமில்லை' என்று கொடுத்துவிடுகிறோம். அம்மை என்றால் பொருக்கெல்லாம் உதிர்ந்து கூண்டையும் சுத்தம் செய்தபின் கொடுக்கலாம். முகம் வீங்கி, மூக்கிலிருந்து நாற்றமடிக்கும் சளி வழியும் நோய் அப்படியில்லை. அதிலிருந்து தேறிய கோழி பார்வைக்குப் பளபளவென்று இருந்தாலும் கிருமியைச் சுமந்தபடியே இருக்கலாம். அந்தக் கோழியைச் சாகும் வரை நீங்களே வைத்துக்கொள்வதுதான் நியாயம். முடியாவிட்டால் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். வேறு கோழி வளர்க்கிற வீட்டுக்கு மட்டும் அனுப்பாதீர்கள்.

வாங்கிக்கொள்கிறவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். என்ன சீக்கு வந்தது, எப்போது, என்ன ஊசி போட்டிருக்கிறது, கடைசியாக என்ன மருந்து கொடுத்தீர்கள் என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும். சொந்தக்காரர்தானே என்று சொல்லாமல் விடுவதுதான் பிறகு மனஸ்தாபத்தில் முடிகிறது. அமிர்தி காட்டோரம் இறக்கி விட்டுவிட்டு "எங்காவது பிழைச்சுக்கும்" என்பவர்களும் உண்டு. கூண்டில் அடைந்து பழகிய கோழி அங்கே ஓர் இரவைத் தாண்டுவதே கஷ்டம், கீரியும் நரியும் விடாது.

கொண்டு போகும்போது கால்களைக் கட்டி ஹேண்டில்பாரில் தலைகீழாகத் தொங்க விடாதீர்கள். காற்று போகிற கூடையோ, ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியோ போதும். விடியற்காலையிலோ பொழுது சாய்ந்த பிறகோ கிளம்புங்கள். தனியாக ஒரு கோழியைப் புதுக் கூட்டத்தில் விட்டால் கொத்தியே ஒதுக்கிவிடும், இரண்டு மூன்றாகக் கொடுப்பது நல்லது. புது வீட்டில் மூன்று நாலு வாரம் தனிக் கூண்டில், வேறு தண்ணீர்த் தொட்டியோடு வைத்திருக்கச் சொல்லுங்கள். பழைய கோழிகளுக்குத் தீனி வைத்த பிறகுதான் புதுசுக்கு வைக்க வேண்டும், மாற்றி வைத்தால் கிருமி கையோடு போகும். அதற்குப் பிறகு ஓர் இரவில் கூட்டத்தோடு அடைத்தால் காலையில் சண்டை குறைவாக இருக்கும். முதல் வாரம் வெளியே விடாமல் அங்கேயே அடையப் பழக்கினால்தான் சாயங்காலம் வழி தவறாமல் திரும்பும்.

சேவலுக்கு மட்டும் இந்த ஏற்பாடெல்லாம் பெரும்பாலும் நடக்காது. உபரிச் சேவலைச் சும்மா கொடுத்தால் அது குழம்புக்குத்தான் போகும். வளர்க்கத்தான் கொடுக்கிறீர்கள் என்றால் அதை வாயைத் திறந்து சொல்லிவிட்டு, ஒரு விலையும் வாங்கிக்கொள்ளுங்கள்.