நிலக்கரிப் பெயர்களை மனப்பாடம் செய்யாமல் நினைவில் வைப்பது எப்படி

மலேசியாவில் எங்கள் ஊரான பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து கொஞ்ச தூரம் காரில் போனால் பத்து ஆராங். சின்ன வயதில் அந்தப் 'பத்து' நம் ஒன்பதுக்கு அடுத்த பத்து என்றே நினைத்திருந்தேன், தோட்டத்து லயத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் அப்படித்தான். மலாயில் பத்து என்றால் கல், ஆராங் என்றால் அடுப்புக்கரி. கல்லுக்கரி! 1915 முதல் 1960 வரை அங்கே நிலக்கரி வெட்டினார்கள், ஊருக்கும் அதே பெயர்.

நிலக்கரி வகைகளையும் இப்படிப் பிரித்துப் பார்த்தால் போதும். போன வாரம் அக்கா மகள் லிக்னைட், பிட்டுமினஸ், ஆந்த்ரசைட் என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்துக்கொண்டிருந்தாள், எது உசத்தி என்று கேட்டால் முழிக்கிறாள்.

அவளுக்குச் சொன்னது இதுதான்: அடுப்பில் விறகு எரிவதை நினைத்துக்கொள். முதலில் விறகு, அப்புறம் பிசின் கசிந்து புகை, கடைசியில் கரி. லத்தீனில் லிக்னும் என்றால் விறகு, பிட்டுமென் என்றால் கீல் (தார் மாதிரி), கிரேக்கத்தில் ஆந்த்ரக்ஸ் என்றால் கரி. கார்பன் ஏறுகிற வரிசையும் இதேதான்.

லிக்னைட் இன்னும் முழுசாகக் கரியாகாத சரக்கு, கார்பன் 25 முதல் 35 சதவீதம்தான், சில கட்டிகளில் மர நார் கண்ணுக்கே தெரியும். நெய்வேலியில் வெட்டுவது இது. தமிழில் நிறத்தைப் பார்த்து பழுப்பு நிலக்கரி என்று வைத்துவிட்டோம்.

பிட்டுமினஸில்தான் ஏமாறுவார்கள். ரோட்டுக்கு ஊற்றும் தார் அதற்குள் இருக்கிறது என்று அர்த்தமில்லை, மஞ்சள் தீயும் புகையுமாக அது எரிகிற விதம் கீலை ஞாபகப்படுத்தியதால் வந்த பெயர். சப்-பிட்டுமினஸ் என்றால் அதற்கு ஒரு படி கீழே, லிக்னைட்டுக்கு மேலே.

ஆந்த்ரசைட்டுக்கு வெறும் 'கரி' என்று பெயர், ஆனால் உசத்தி அதுதான். 86 சதவீதத்துக்கு மேல் கார்பன், பளபளப்பு, தொட்டால் கையில் கறுப்பு ஒட்டாது. பற்றவைக்கத்தான் உயிர் போகும், பற்றிவிட்டால் புகையே இல்லாத நீலத் தீ. ஆடு மாடுகளுக்கு வரும் ஆந்த்ராக்ஸ் நோயும் இதே சொல்தான், மனிதர் தோலில் அது கரி போலக் கறுத்த புண் போடும்.

ஒன்று மட்டும் கவனம். அனல் நிலக்கரி, கோக் நிலக்கரி என்று வந்தால் இந்த வரிசையில் தேடாதீர்கள். அவை வேலையை வைத்து வந்த பெயர்கள்: முன்னது நம் காப்பார் மின்நிலையம் மாதிரி இடங்களில் எரிக்க, பின்னது இரும்பு உருக்கும் உலைக்குக் கோக் (காற்றுப் படாமல் சுட்டெடுத்த கரி) எடுக்க.