சிபிசிடி ஸ்கேன்: பல் இம்பிளான்ட் திட்டமிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல் இம்பிளான்ட் (போன பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பொருத்தும் செயற்கை வேர்) வைப்பதற்கு முன் சிபிசிடி, அதாவது தாடையின் முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேன், எடுப்பது இப்போது சகஜம். நல்ல விஷயம்தான். ஓபிஜி படம் (இரு தாடைகளையும் ஒரே தட்டையான படமாகக் காட்டும் எக்ஸ்ரே) எலும்பின் உயரத்தைக் காட்டும், அதுவும் பெரிதுபடுத்தி; அகலத்தைக் காட்டவே காட்டாது. சிபிசிடியில் உயரம், அகலம் இரண்டையும் உள்ளபடி அளக்கலாம். ஆனால் கருவி துல்லியமானது என்பதற்காக நாம் எடுக்கும் அளவும் துல்லியமாகிவிடாது. படத்தை எங்கே வெட்டிப் பார்த்தோம், அளக்க எங்கே கோடு போட்டோம் என்பதில்தான் பல தவறுகள் நடக்கின்றன.

முதல் தவறு ஸ்கேனுக்கு எழுதும் சீட்டிலேயே தொடங்கிவிடுகிறது. வெறுமனே 'சிபிசிடி' என்று எழுதி அனுப்பினால் இரண்டு தாடையையும் முழுதாக எடுத்துவிட வாய்ப்புண்டு. ஒரே ஒரு கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு 5×5 செ.மீ. அளவு போதும். எடுக்கும் பகுதி சிறியதானால் கதிர்வீச்சு குறையும், படமும் பொதுவாகத் தெளிவாக வரும். எந்தப் பல், எதற்காக என்று இரண்டு வரி எழுதுங்கள். வாயைப் பரிசோதிக்காமல் ஸ்கேனுக்கு அனுப்புவது அதைவிடப் பெரிய தவறு. பல் எடுப்பதற்கு முன் எடுத்த பழைய ஸ்கேனை வைத்து இம்பிளான்ட் அளவை முடிவு செய்வதும் கூடாது. பல் போன இடத்தில் எலும்பு மாதக்கணக்கில் கரைந்துகொண்டே இருக்கும்.

அடுத்தது வெட்டும் கோணம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். வாழைக்காயைச் சாய்த்து வெட்டினால் துண்டு நீளமாக வருமல்லவா, திரையில் வெட்டிப் பார்க்கும் எலும்பின் ஸ்லைஸும் அப்படித்தான். தாடை சாய்ந்திருக்கும்போதே குறுக்கு ஸ்லைஸ் எடுத்தால் உயரம் கூடுதலாகத் தெரியும். கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்புக்கு மேலே உண்மையில் 12 மி.மீ. எலும்பு இருக்கிறது என்று வையுங்கள். ஸ்லைஸ் 20 டிகிரி சாய்ந்திருந்தால் திரையில் கிட்டத்தட்ட 12.8 மி.மீ. காட்டும். பார்க்க நூலளவு வித்தியாசம். ஆனால் நரம்புக்கு மேலே நாம் விட்டுவைப்பதே சுமார் 2 மி.மீ. பாதுகாப்பு இடைவெளிதான். அதில் கிட்டத்தட்ட பாதி இந்தச் சாய்விலேயே போய்விடும். ஆகவே அளப்பதற்கு முன் இம்பிளான்ட் இறங்கப்போகும் அச்சுக்கு இணையாக ஸ்லைஸைத் திருப்புங்கள். ஸ்கேன் சென்டரில் அச்சடித்துக் கொடுக்கும் படங்களில் இதைச் செய்ய முடியாது. டைகாம் கோப்பை (ஸ்கேனின் மூலக் கணினிக் கோப்பு) கேட்டு வாங்கி, மென்பொருளில் நீங்களே திருப்பிப் பாருங்கள்.

மீதமிருக்கும் இடைவெளியை டிரில்லும் தின்னும். 10 மி.மீ. என்று குறித்திருக்கும் டிரில்லின் கூர்முனை, பல நிறுவனங்களின் கருவிகளில், அந்தக் கோட்டையும் தாண்டி ஒரு மி.மீ. வரை கூடுதலாக இறங்கும். சாய்ந்த ஸ்லைஸும் இந்தக் கூர்முனையும் சேர்ந்தால் என்ன ஆகும்? பாதிக்கப்பட்ட பக்கத்துக் கீழ் உதடும் மோவாயும் மரத்துப்போய், தேநீர் வழிவதுகூடத் தெரியாத நிலைக்கு நோயாளி வரலாம். சிலருக்கு அந்த உணர்வு திரும்பாமலே போய்விடுகிறது. உங்கள் கிட்டுடன் வந்த கையேட்டில் டிரில் முனையின் அளவைப் பார்த்து, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எலும்புக்குள் நரம்பு ஓடும் குழாய் எல்லோருடைய ஸ்கேனிலும் தெளிவாகத் தெரியாது. தெரியாத இடத்தில் ஊகித்துக் கோடு போடாதீர்கள். மென்டல் துளையிலிருந்து (நரம்பு எலும்பை விட்டு வெளியே வரும் முன்பக்கத் துளை) பின்னோக்கியும், நரம்பு எலும்புக்குள் நுழையும் பின்பக்கத் துளையிலிருந்து முன்னோக்கியும் ஸ்லைஸ் ஸ்லைஸாகத் தொடர்ந்து வாருங்கள். மென்டல் துளைக்கு முன்னால் நரம்பு சிலருக்கு வளைந்து திரும்பும், அதையும் தேடுங்கள்.

கீழ்த்தாடையின் நாக்குப் பக்கக் குழிவையும் இப்படியே தேடிப் பாருங்கள். மேலே அகலமாகத் தெரியும் எலும்பு கீழே உள்வாங்கியிருக்கும். டிரில் அங்கே எலும்பைத் துளைத்து வெளியே போனால், நாக்கின் அடியில் ரத்தம் தேங்கி வீங்கி, மூச்சுவழியையே அடைக்கக்கூடும்.

உலோகக் கிரவுன், வேர் சிகிச்சை செய்த பல் இவற்றை ஒட்டி வரும் கறுப்புக் கோடுகளை வேர் விரிசல் என்று முடிவு செய்து பல்லைப் பிடுங்கிவிடாதீர்கள். அது உலோகத்தால் வரும் நிழலாகவும் இருக்கலாம். எலும்பின் அடர்த்திக்கு மருத்துவ சிடியில் ஹவுன்ஸ்ஃபீல்டு எண்ணை (அடர்த்தியைக் குறிக்கும் அளவு) நம்பலாம். சிபிசிடியின் சாம்பல் மதிப்புகளை அப்படி நம்ப முடியாது. மென்திசுவும் இதில் தெளிவாகத் தெரியாது. கட்டி என்று சந்தேகம் வந்தால் கான்ட்ராஸ்ட் சிடியோ எம்ஆர்ஐயோதான் சரி.

அப்புறம், இம்பிளான்ட் இடத்தை மட்டும் பார்த்துவிட்டு கோப்பை மூடிவிடும் பழக்கம். ஸ்கேனில் பதிவான அத்தனையையும் பார்க்கும் பொறுப்பு நம்முடையது. சைனஸில் அடைப்பு, தாடையில் எதிர்பாராத நீர்க்கட்டி என்று ஏதாவது இருக்கலாம். சந்தேகம் இருந்தால் வாய்க் கதிரியக்க நிபுணரிடம் அறிக்கை கேளுங்கள்.

நோயாளிகளுக்கும் ஒரு வார்த்தை. காதணி, கழற்றும் பல்செட் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். கருவி சுற்றும் அந்த சில விநாடிகள் எச்சில்கூட விழுங்காமல் அசையாமல் இருங்கள். அசைந்தால் படம் இரட்டையாகத் தெரியும், மறுபடி எடுக்க வேண்டிவரும்.

கடைசியாக சர்ஜிக்கல் கைடு, அதாவது டிரில் இறங்க வேண்டிய இடத்தையும் கோணத்தையும் காட்ட வாயில் பொருத்தும் அச்சு. கணினியில் திட்டமிட்டு அச்சடித்த கைடு வந்துவிட்டாலே எல்லாம் சரியாக நடக்கும் என்று விட்டுவிடக் கூடாது. கைடு வைத்துச் செய்தாலும் திட்டத்துக்கும் இம்பிளான்ட் உட்காரும் இடத்துக்கும் சராசரியாக ஒரு மி.மீ. அளவுக்கு விலகல் வரத்தான் செய்கிறது. ஆகவே நரம்பை ஒட்டித் திட்டமிடாதீர்கள். கைடு பல்லில் சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க அதில் பார்வைத் துளைகள் வைக்கச் சொல்லுங்கள். அறுவைக்கு முன் வாயில் பொருத்தி, ஒவ்வொரு துளை வழியாகவும் பல்லோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆடினால் அதை வைத்து டிரில் செய்ய வேண்டாம். புதிதாக அளவெடுத்து வேறு கைடு செய்யச் சொல்லுங்கள்.