டீசல் கொட்டிய மண்ணைப் பாக்டீரியாவை வைத்தே சரிசெய்வது எப்படி?

பம்புசெட் என்ஜின் பக்கத்தில் டீசல் கசிந்து மண் கறுத்துப் போயிருந்தால், முதலில் கசிவை அடைத்துவிடுங்கள். அப்புறம் கடைக்கு ஓடி 'எண்ணெய் தின்னும் பாக்டீரியா' பாக்கெட் வாங்காதீர்கள், பெரும்பாலும் அது தேவைப்படாது. சூடோமோனாஸ், ரோடோகாக்கஸ் போன்ற வகைகள் சாதாரண மண்ணிலேயே இருக்கின்றன, டீசல் விழுந்தால் அதையே தின்று பெருகும். அவற்றுக்குப் பற்றாமல் போவது காற்றும் ஈரமும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும்தான் (பாஸ்பரஸ்). 1989-இல் எக்சான் வால்டெஸ் கப்பல் எண்ணெய் அலாஸ்கா கரையில் ஒதுங்கியபோதும் உரம் தெளித்துத்தான் அங்கிருந்த பாக்டீரியாவை முடுக்கிவிட்டார்கள்.

டீசல் ஊறிய மண்ணை வெட்டியெடுத்து, கிணற்றிலிருந்து தள்ளி, கெட்டியான தார்ப்பாய் மேல் ஒரு அடி உயரத்துக்குள் பரப்பிச் சுற்றிலும் சின்னதாக வரப்பு கட்டுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பீடி சிகரெட் பக்கத்தில் வேண்டாம். களிமண் என்றால் உமியோ நார்க்கழிவோ கலந்தால்தான் காற்று உள்ளே போகும்.

உரக் கணக்கு இப்படி: 100 பங்கு கார்பனுக்கு 10 பங்கு தழைச்சத்து, 1 பங்கு மணிச்சத்து. ஒரு லிட்டர் டீசலில் கார்பன் சுமார் 700 கிராம் இருக்கும், ஆக லிட்டருக்கு ஏறக்குறைய 140 கிராம் யூரியா, 35 கிராம் டிஏபி (மணிச்சத்தும் கொஞ்சம் தழைச்சத்தும் உள்ள உரம்). சீக்கிரம் முடியட்டும் என்று மொத்தத்தையும் ஒரே நாளில் கொட்டினால் உப்பு ஏறி பாக்டீரியாவே சுருண்டுவிடும், அதனால் மூன்று தவணையாக, சில வாரம் இடைவெளி விட்டுப் போடுங்கள்.

ஈரத்துக்கு மண்ணைக் கையில் பிடித்துப் பாருங்கள்: உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. வாரம் ஒருமுறை மண்வெட்டியால் புரட்டுங்கள், இந்த வேலையைத்தான் எல்லாரும் பாதியில் விட்டுவிடுகிறார்கள். மழை வந்தால் மூடுங்கள், இல்லாவிட்டால் டீசலும் உரமும் சேர்ந்து வாய்க்காலுக்குப் போகும்.

சில மாதம் ஆகும். வாடை போனதும் சுத்தமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், லேசான பகுதி ஆவியாகிப் போயிருக்கும், கனமானது அப்படியே இருக்கும். ஒரு தட்டில் இந்த மண், இன்னொன்றில் நல்ல மண், இரண்டிலும் இருபது பாசிப்பயறு போட்டு முளைப்பை ஒப்பிடுங்கள். குறைவாக முளைத்தால் இன்னும் புரட்ட வேண்டியிருக்கிறது. நன்றாக முளைத்தாலும் கீரை, காய்கறிப் பாத்தியில் அந்த மண்ணைப் போட வேண்டாம்.

கொட்டியது பழைய என்ஜின் ஆயில் என்றால் கதை வேறு, அதில் இருக்கும் ஈயம், துத்தநாகம் போன்ற உலோகங்களை எந்த பாக்டீரியாவாலும் சிதைக்க முடியாது. டீசலே கிணறு வரை போய்விட்டாலும், டேங்கர் அளவில் கொட்டினாலும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குச் சொல்லிவிடுங்கள்.